முப்பத்தொன்றாம் பக்கம்

அத்தியாயம் 8

"பாத்திரத்தைத் தொடாதீங்க. இன்னைக்கு வியாழன், என் முறை. வந்து கழுவுறேன்."

பெரியவள் அந்த வீட்டில் கடைசியாகப் பேசியது இதுதான். வாசலில் ஒற்றைக் காலில் நின்று செருப்பு வாரை மாட்டிக்கொண்டே சொன்னாள்.

"நீ வர்றதுக்குள்ள காஞ்சு ஒட்டிக்கும்டி. சின்னவளைக் கழுவச் சொல்றேன்" என்றாள் அம்மா, அடுக்களையிலிருந்து.

"அவளா? அவ கழுவின டம்ளர்ல தண்ணி குடிச்சா வாயில நுரை வரும். ஊற வைங்கம்மா, நான் பார்த்துக்கறேன்."

உள்ளேயிருந்து சின்னவள் தலையணையை வீசினாள். அது பாதி வழியில் விழுந்தது. கதவு சாத்திக்கொண்டது.

அதன் பிறகு பதின்மூன்று வியாழக்கிழமைகள் போய், இன்று பதினான்காவது.

பல்கலைக்கழகத்தின் இரண்டு வளாகங்களுக்கும் நடுவே ஆறு வழிச் சாலை ஓடுகிறது. கடப்பதற்கு மேலே ஒரு நடைபாலம். அன்று பெரியவள் ஆய்வுக்கூடத்தை முடித்துக்கொண்டு எட்டு இருபதுக்கு வெளியே வந்தபோது, பாலத்தின் கம்பிக் கதவு பூட்டியிருந்தது. எதிர்ப்பக்கத்து நிறுத்தத்துக்கு எட்டரைக்கு வரும் பஸ்ஸை ஓட்டுபவர் அவளுடைய அப்பா. அவள் கீழே இறங்கி சாலையைக் கடந்தாள். சரக்கு வேன் ஒன்று நிற்கவில்லை. இரண்டு நிமிடம் கழித்து, கூட்டத்தைப் பார்த்து பஸ்ஸை நிறுத்தி இறங்கி வந்தவர் அப்பா.

மறுவாரம் பல்கலைக்கழகத்திலிருந்து இரங்கல் கடிதம் வந்தது. 'நடத்தை விதி ஒன்பதை மீறிச் சாலையைக் கடந்தபோது நேர்ந்த துயரத்துக்கு வருந்துகிறோம்.' நான்கு வரிக் கடிதத்தில் 'மீறி' என்ற சொல் மட்டும் முள்ளாக நின்றது.

சின்னவள் அங்கேயே இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். போன வாரம் பட்டப்பகலில் அறுபது பேரோடு கைகோத்து, அக்கா விழுந்த இடத்தில் சாலையைக் கடந்தாள். போக்குவரத்து நான்கு நிமிடம் நின்றது. அதற்காக இன்று பதினோரு மணிக்கு ஒழுங்குக் குழு முன் அவள் நிற்க வேண்டும்.

குழு ஒரு தாளை முன்கூட்டியே அனுப்பியிருந்தது. 'என் சகோதரி விதியை மீறியதாலேயே விபத்து நேர்ந்தது என்பதை உணர்கிறேன். நானும் அதே விதியை மீறியதற்கு வருந்துகிறேன்.' கையெழுத்துப் போட்டால் எச்சரிக்கையோடு போகும். போடாவிட்டால் ஒரு வருடம் வெளியே.

"போட்டுடு" என்றார் அப்பா, சீருடைச் சட்டையின் பொத்தானை மாட்டியபடி.

"எதைப்பா?"

"கையெழுத்தை. ஒரு கிறுக்கல்தானே. போனவ திரும்பி வரப் போறதில்ல. இருக்கிற நீ படிச்சு முடிக்கணும்."

"கிறுக்கல்தானே, நீங்களே கிறுக்குங்களேன். மூத்த மக தப்புப் பண்ணித்தான் செத்தான்னு அப்பா எழுதிக் குடுத்தா அவங்களுக்கு இன்னும் இனிக்கும்."

அப்பா சாப்பாட்டு டப்பாவை மூடினார். மூடி சரியாக உட்காரவில்லை. திறந்து மறுபடி மூடினார்.

"நீ வாயைத் திறக்க மாட்டியா?" என்றார் அம்மாவிடம்.

"பத்து இருபது மணி டிரிப்புல நாங்க ரெண்டு பேரும் ஏறுறோம்ங்க. அதுக்குள்ள சொல்றேன்."

"அதுக்குள்ள என்ன ஆகப் போகுது?"

"அச்சகத்துல ஒரு கட்டைப் பிரிக்கணும்" என்றாள் அம்மா.

சின்னவள் சட்டென்று நிமிர்ந்தாள். எதையோ சொல்ல வந்து விழுங்கினாள்.

*

அம்மா இருபத்திரண்டு வருடமாக அச்சகத்தில் புரூஃப் பார்த்துப் பிழை திருத்துகிறவள். பல்கலைக்கழகத்தின் மாணவர் நடத்தைக் கையேடு வருடா வருடம் அங்கேதான் அச்சாகிறது. வருடா வருடம் அவள் கண் வழியாகத்தான் போகிறது.

அந்தக் கையேட்டில் பாலத்தைப் பற்றி இரண்டு இடத்தில் இருந்தது. பதினான்காம் பக்கம், பாலம் இரவு பத்து மணி வரை திறந்திருக்கும் என்றது. முப்பத்தொன்றாம் பக்கம், பாலக் கதவு எட்டு மணிக்குப் பூட்டப்படும் என்றது. பெரியவள் பதினான்காம் பக்கத்தை நம்பிப் போனவள்.

இதைச் சின்னவள், அக்கா போன முதல் மாதமே கண்டுபிடித்துப் பல்கலைக்கழகத்தில் கேட்டுவிட்டாள். "பத்து என்பது அச்சுப் பிழை. அச்சகமே ஒப்புக்கொண்டுவிட்டது" என்று பதில் வந்தது. அன்று மாலை வீட்டுக்கு வந்தவள் அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை. அச்சுப் பிழை என்றால் யாருடைய பிழை என்று அவளுக்குத் தெரியாதா?

அம்மாவுக்கும் தெரியும். அச்சக முதலாளி வாய் தவறி உளறியிருந்தார். அவளும் வீட்டில் சொல்லவில்லை. என் கண் தவறிய ஓர் எண்தான் என் பிள்ளையை எடுத்துக்கொண்டது என்று பதின்மூன்று வாரமாக மனதுக்குள் புதைத்து வைத்திருந்தாள். ஒரே கூரையின் கீழ் இரண்டு பேர், ஒரே விஷயத்தை ஒருவருக்குத் தெரியாமல் ஒருவர் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள்.

அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. திருத்திய புரூஃப் தாள்களை எறிவதில்லை. நூல் சுற்றிக் கட்டாகக் கட்டி ஒரு வருடம் பரண் மேல் வைப்பார்கள். வாடிக்கையாளர் பிழை என்று கத்திக்கொண்டு வந்தால் கட்டை இறக்கிப் பார்ப்பார்கள். யார் தலை உருள வேண்டும் என்று கட்டு சொல்லிவிடும்.

இந்தக் கட்டை மட்டும் இதுவரை யாரும் இறக்கவில்லை.

ஏணியைச் சாய்த்து அம்மா இரண்டு படி ஏறியதுமே முதலாளி வந்துவிட்டார். எப்போதும் சட்டைப் பையில் மைக் கறையோடு இருக்கும் மனிதர். தொழிலாளிகள் அவரை மைக்கூடு என்று கூப்பிடுவது அவருக்கும் தெரியும்.

"இறங்கும்மா. சொன்னாக் கேளு."

"இன்னைக்குப் பார்த்துடறேன் சார்."

"எதுக்கு? அதான் எங்க பிழைன்னு எழுதிக் குடுத்துட்டேனே. 'அச்சகத்தின் பிழை'ன்னுதான் எழுதினேன். உன் பேரை எங்கயாவது எழுதினேனா? அது அப்படியே போகட்டும். பார்த்தா ஆயுசுக்கும் உனக்குத் தூக்கம் வராது."

"இப்ப மட்டும் வருதா சார்?"

அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டார்.

கட்டு கீழே வந்தது. அம்மாவுக்கு முடிச்சு அவிழவில்லை. முதலாளி மேசைக் கத்தியால் நூலை அறுத்தார். பதினான்காம் பக்கத்தில் திருத்தம் ஏதும் இல்லை. ஒவ்வொரு தாளாகத் தள்ளினாள். முப்பத்தொன்றாம் பக்கம் வந்தது.

ஓரத்தில் பென்சில் எழுத்து. அவளுடைய எழுத்துதான்.

'ப. 14இல் பத்து மணி. இங்கே எட்டு. எது சரி? கேட்டுச் சொல்லவும்.'

அதற்குக் கீழே பச்சை மையில் வேறு ஒரு கை.

'இரண்டும் இருக்கட்டும். அச்சுக்குப் போகலாம்.' பக்கத்தில் வால் நீண்ட ஒரு சுருக்கொப்பம். மாணவர் நல இயக்குநருடையது.

அம்மா அதை மூன்று தடவை படித்தாள். பிறகு தாளை முதலாளி பக்கம் திருப்பினாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"கட்டைப் பிரிக்காமலே ஒத்துக்கிட்டேன்" என்றார். "முப்பது வருஷத்துல அப்படி ஒரு நாளும் பண்ணதில்ல. உன்னைக் காப்பாத்தறதா நினைச்சேன்மா."

"எல்லாரும் என்னை அப்படித்தான் காப்பாத்திக்கிட்டு இருக்காங்க சார்."

அவள் அந்தத் தாளை உருவித் துணிப்பைக்குள் வைத்தாள்.

"அம்மா... வாடிக்கையாளர் தாள் வாசலைத் தாண்டக் கூடாது. நம்ம பாதி வேலை அவங்க குடுக்கறது. இது வெளிய போனா நான் மெஷினை மூட வேண்டியதுதான்."

"தெரியும் சார். என் வேலையையும் சேர்த்துத்தான் எடுத்துட்டுப் போறேன்."

முதலாளி தரையில் கிடந்த நூலைப் பொறுக்கி விரலில் சுற்றினார். சுற்றிக்கொண்டே உள்ளே பார்த்து, "டேய், அந்தப் பெரிய மெஷினைப் போடு" என்று குரல் கொடுத்தார். இரைச்சல் எழுந்தது. அவர் திரும்பவில்லை. அவள் வாசலைத் தாண்டும்போதும் திரும்பவில்லை.

*

டிரைவருக்குப் பின்னால் இருந்த இருக்கையில் இருவரும் உட்கார்ந்தார்கள். கண்ணாடியில் அப்பா ஒரு தரம் பார்த்தார். வண்டி கிளம்பியது.

அம்மா தாளைச் சின்னவள் மடியில் வைத்தாள்.

சின்னவள் படித்தாள். "அம்மா... நீங்க கண்டுபிடிச்சிருக்கீங்க! நீங்க விடலை!"

"உனக்கும் தெரியுமா, அச்சுப் பிழைன்னு அவங்க சொன்னது?"

"தெரியும். உங்ககிட்ட எப்படிம்மா சொல்றது?"

"அடிப்பாவி" என்றாள் அம்மா. அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு அம்மா தானாகவே சொன்னாள். "நான் தப்பிச்சுட்டேன்னு நினைக்காதே. கேள்வி எழுதினேன், பதில் வந்தது, அச்சுக்கு அனுப்பிட்டேன். அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்து உங்க அக்காவுக்கு சாப்பாடு போட்டேன். 'ஏண்டி, அந்தப் பாலத்தை எத்தனை மணிக்குப் பூட்டுவாங்க, பார்த்துப் போ'ன்னு ஒரு வார்த்தை சொல்லலை. எனக்கு அது ஞாபகத்துலயே இல்ல. எழுத்தாத்தான் பார்த்தேன் கண்ணு. கதவாப் பார்க்கலை."

பஸ் திடீரென்று வேகம் குறைந்தது. நடைபாலம் தலைக்கு மேலே வந்தது. பாலத்தைத் தாண்டி இருபது அடியில், நிறுத்தமே இல்லாத, பெரியவள் விழுந்த இடத்தில், அப்பா பிரேக்கை அழுத்தினார். கையை ஜன்னலுக்கு வெளியே நீட்டிப் பின்னால் வந்த வண்டிகளை நிறுத்தினார். ஓரத்தில் தயங்கி நின்ற நாலைந்து மாணவர்கள் குறுக்கே கடந்தார்கள்.

"டிரைவர், இங்க ஸ்டாப் இல்லையே" என்றார் பாதியில் ஏறிய ஒருவர்.

"இந்த வண்டிக்குப் புதுசா?" என்றாள் தினமும் வருகிற நர்சம்மா. "ஒரு நாளைக்கு எட்டு தடவை, ஒவ்வொரு தடவையும் அரை நிமிஷம். உக்காருங்க, உங்க ஆபீஸ் ஓடிடாது."

இதற்காக டிப்போவில் இதுவரை மூன்று மெமோ. மூன்றையும் அப்பா இருக்கைக்கு அடியில் மடித்து வைத்திருந்தார். இருக்கை ஆடாமல் இருக்க உதவியது.

மாணவர்கள் கடந்து முடித்த பிறகும் வண்டி கிளம்பவில்லை. அப்பா ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, திரும்பிப் பார்க்காமல் பேசினார்.

"நான் கேட்டுட்டுத்தான் இருந்தேன். நீ சொல்லாம விட்டே. அவ்வளவுதான். அவ ஓடினது என் பஸ்ஸுக்கு. முந்தின சிக்னல்ல நின்ன என் வண்டி விளக்கைப் பார்த்திருப்பா. அப்பா போயிடுவாருன்னு ஓடியிருப்பா. ஒரு நிமிஷம் லேட்டா வந்திருந்தேன்னா..."

"ஏங்க" என்றாள் அம்மா. "முதல்ல அவ பூட்டைப் பார்த்தா. அதுக்கப்புறம்தான் உங்களைப் பார்த்தா."

பின்னால் ஹாரன்கள் முழங்கின. அப்பா முகத்தைத் தோளில் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டார்.

பல்கலைக்கழக வாசலில் இருவரும் இறங்கும்போது சின்னவளைக் கூப்பிட்டார்.

"அந்தத் தாள்ல கையெழுத்துப் போடாதே."

"காலையில வேற சொன்னீங்க?"

"காலையில எனக்குப் பயம். இப்பக் கோபம். போடாதேன்னா போடாதே."

*

இரண்டாம் மாடி. நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று நாற்காலிகள். நடுவில் மாணவர் நல இயக்குநர், மென்மையாகப் பேசும் அம்மையார். வலப்பக்கம் சட்டப் பேராசிரியர். இடப்பக்கம் குறிப்பெழுதும் எழுத்தர், ஜலதோஷத்தில் மூக்கு சிவந்த ஒரு நடுத்தர வயதுப் பெண். இந்தப் பக்கம் ஒரே ஒரு நாற்காலி.

அம்மா வெளியே போய்த் தாழ்வாரத்திலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கி வந்து போட்டு உட்கார்ந்தாள்.

"பெற்றோர் கூட இருக்கலாம். பேச அனுமதி இல்லை. விதியில இருக்கு" என்றார் இயக்குநர்.

"இருபத்திரண்டாம் பக்கம், நாலாவது பத்தி" என்றாள் அம்மா. "அடுத்த வரியையும் படிச்சிடுங்க மேடம். 'குழு ஆவணம் கோரினால் பெற்றோர் விளக்கம் அளிக்கலாம்.'"

"நாங்க ஆவணம் எதுவும் கேக்கலையே."

"கேப்பீங்க."

எழுத்தர் தும்மினாள். அது தும்மல்தானா என்று சந்தேகமாக இருந்தது.

இயக்குநர் சின்னவள் பக்கம் திரும்பினார். "பாரும்மா. உன் அக்காவை நினைச்சா எங்களுக்கும் வருத்தம்தான். ஆனா பாதுகாப்புன்னு வந்துட்டா விதி எல்லாருக்கும் ஒண்ணுதான். நீ அறுபது பேரை நடு ரோட்டுல இறக்கினே. அதுல ஒருத்தருக்கு ஏதாவது ஆகியிருந்தா? நாளைக்கு இன்னொரு வீட்டுக்குக் கடிதம் எழுத எனக்குத் தெம்பு இல்லை. கையெழுத்துப் போட்டுட்டு கிளாசுக்குப் போ."

சின்னவள் கையைப் பிசைந்தாள். அந்தக் கேள்வி நியாயமாகவும் இருந்தது. "அறுபது பேரை இறக்கினது தப்புன்னா அதுக்கு மட்டும் எழுதித் தர்றேன் மேடம். எங்க அக்காவைப் பத்தி எழுதியிருக்கறதுக்கு மாட்டேன்."

"ரெண்டும் ஒரே விதிதானே?"

"பாலத்தை எத்தனை மணிக்குப் பூட்டுவீங்க?"

"எட்டு. முப்பத்தொண்ணாம் பக்கம்."

"பதினாலாம் பக்கத்துல பத்து."

"அது அச்சுப் பிழைன்னு அப்பவே சொல்லியாச்சு. அச்சகம் எழுத்துல ஒத்துக்கிட்டிருக்கு."

"அந்த அச்சகத்துல புரூஃப் பார்க்கறவ நான்தான்" என்றாள் அம்மா.

எழுத்தர் எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தாள்.

அம்மா சட்டப் பேராசிரியரைப் பார்த்தாள். "கேளுங்க சார். ஆவணம் இருக்கான்னு கேளுங்க."

அவர் இயக்குநரைப் பார்த்தார். பிறகு கேட்டார். "இருக்கா?"

"இருக்கு."

தாள் மேசைமேல் வந்தது. அம்மா ஒரு மூலையை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். பேராசிரியர் குனிந்து படித்தார். அவர் பார்வை பச்சை எழுத்திலிருந்து மேசைமேல் இருந்த கைக்கு நகர்ந்தது. இயக்குநர் கையிலிருந்த பேனாவின் மூடியைப் போட்டார். அதில் பச்சை மை.

"ரெண்டும் இருக்கட்டும்னு ஏன் எழுதினீங்க மேடம்?" என்றார் பேராசிரியர்.

"பத்து மணிங்கறது ஆட்சிக் குழுத் தீர்மானம். அதை நான் எடுக்க முடியாது. பத்து வரைக்கும் நிக்க ஒரு காவலாளி கேட்டேன். மூணு தடவை கேட்டேன். குடுக்கலை. ஆள் இல்லாத பாலத்தைத் திறந்து வைக்கவும் முடியாது, அதனால எட்டு." அவர் குரலில் முதல் தடவையாக மென்மை போயிருந்தது. "எதை எடுத்தாலும் என் தலைதான் போகும். அடுத்த பதிப்புக்குள்ள சரியாயிடும்னு நினைச்சேன்."

"அடுத்த பதிப்பைப் படிக்க என் பொண்ணு இல்ல மேடம்" என்றாள் அம்மா.

அவள் பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்தாள். கையெழுத்துக்காக வைத்திருந்த தாளைத் தன் பக்கம் இழுத்தாள். இருபத்திரண்டு வருடப் பழக்கம்.

'விதியை மீறியதாலேயே' என்பதன் குறுக்கே ஒரு கோடு. மேலே எழுதினாள்: 'பத்து மணி வரை திறந்திருக்கும் என்று அச்சிடப்பட்ட பாலம் எட்டு மணிக்கே பூட்டப்பட்டிருந்ததாலேயே.' ஓரத்தில் அடையாளம் போட்டு, தாளைத் திருப்பித் தள்ளினாள்.

"இது திருத்தாத தாள். எங்க தொழில்ல இதுல யாரும் கையெழுத்துப் போட மாட்டாங்க. இப்படி மாத்தி அடிச்சுக் குடுங்க. என் பொண்ணு போடுவா. நீங்களும் போடணும்."

பேராசிரியர் தொண்டையைச் செருமினார். "கூட்டத்தைத் திங்கட்கிழமைக்கு ஒத்திவைக்கலாம். அந்தப் புரூஃபைக் குழுவிடம் ஒப்படைச்சிட்டா..."

"படம் எடுத்துக்கோங்க சார். தாள் என் பையில இருக்கும். ஒத்திவைக்கறதுக்கு முன்னால, இன்னைக்கு இது மேசைக்கு வந்ததுன்னு எழுதச் சொல்லுங்க."

"என்னன்னு எழுதட்டும்?" என்றாள் எழுத்தர், அடைத்த மூக்கோடு. யாரிடம் கேட்டாள் என்று தெரியவில்லை. அம்மாதான் சொன்னாள். எழுத்தர் எழுதினாள்.

"எட்டு, பத்து ரெண்டையும் எழுத்தால எழுதுங்கம்மா. எண்ணா இருந்தா மாத்திடலாம்."

எழுத்தர் எண்களை அடித்துவிட்டு எழுத்தால் எழுதினாள்.

கிளம்பும்போது இயக்குநர் சொன்னார். "திங்கட்கிழமை வரைக்கும் மாணவர் அட்டையை இங்க வெச்சுட்டுப் போகட்டும்."

சின்னவளின் கை கழுத்துக்குப் போனது. அட்டையைக் கழற்றியும்விட்டாள்.

"எந்தப் பக்கத்துல இருக்கு?" என்றாள் அம்மா.

பேராசிரியர் கையேட்டைப் புரட்டத் தொடங்கினார்.

"முடிவு வர்றதுக்கு முன்னாடி அட்டையை வாங்கலாம்னு எங்கயும் இல்ல. பதிமூணு வாரத்துல அந்தப் புஸ்தகத்தை நாப்பது தடவை படிச்சிருக்கேன். மாட்டிக்கடி."

சின்னவள் மாட்டிக்கொண்டாள். வாசலருகே போய்த் திரும்பி, "நாற்காலியை எடுத்த இடத்துல வெச்சிடறேன் மேடம். அது அம்பத்தி மூணாம் பக்கம்" என்றாள்.

*

வெளியே வெயில் கொளுத்தியது. சாலை ஓரத்துக்கு வந்ததும் சின்னவள் விறுவிறுவென்று கீழே இறங்கப் போனாள். கால் தானாகவே அந்த இடத்துக்கு இழுத்தது.

"எங்கடி போறே?"

"குறுக்கே போலாம்மா. அவங்க ஜன்னல்லேர்ந்து பார்ப்பாங்க. பார்க்கட்டும்."

அம்மா வேண்டாமென்று தலையசைத்தாள். பாலத்துப் படிக்கட்டைக் காட்டினாள்.

"கதவு திறந்திருக்கு பாரு. திறந்திருந்தா உங்க அக்காவும் இதுலதான் போயிருப்பா. நாம மீறுற குடும்பம் இல்லைன்னு பார்க்கட்டும். ஏறு."

அந்தப் படியில் அம்மா கால் வைப்பது இதுவே முதல் தடவை. கம்பிக் கதவு உள்பக்கமாகச் சாய்ந்திருந்தது. சங்கிலியில் பூட்டு தொங்கியது. உள்ளங்கை அளவு பித்தளைப் பூட்டு, வெயிலில் சுட்டது. அதைக் கையில் எடுத்து எடை பார்ப்பதுபோல் தூக்கினாள். விட்டாள். அது கம்பியில் இடித்து ஆடியது.

பாலத்தின் நடுவில் நின்றபோது கீழே அப்பாவின் பஸ் திரும்பி வந்துகொண்டிருந்தது. நிறுத்தம் இல்லாத இடத்தில் நின்றது. ஜன்னலிலிருந்து ஒரு கை வெளியே நீண்டது. அண்ணாந்து பார்த்தவர் இரண்டு பேரையும் கண்டுகொண்டார்.

என்ன ஆயிற்று என்று கையால் கேட்டார்.

சின்னவள் மாணவர் அட்டையைக் கழுத்திலிருந்து உயர்த்தி ஆட்டிக் காட்டினாள்.

அப்பா ஒரு தரம் ஹாரன் அடித்தார். அனாவசியமாக ஹாரன் அடிக்கிறவர் இல்லை அவர். டிப்போவில் நாலாவது மெமோ அதற்கும் சேர்த்து வரும்.

*

சாயங்காலம் மூன்று பேரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அப்பாவுக்கு எல்லாவற்றையும் முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. நாற்காலி வரும் இடத்தை இரண்டு தடவை சொல்லச் சொன்னார். சின்னவள் இயக்குநரைப் போலவும் எழுத்தரைப் போலவும் பேசிக் காட்டினாள். தும்மிக் காட்டும்போது அப்பாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்ததும் திடுக்கிட்டு நிறுத்திக்கொண்டார்.

"சிரிங்கப்பா. அக்கா இருந்தா மேசை மேலயே ஏறியிருப்பா" என்றாள் சின்னவள்.

அச்சகத்திலிருந்து ஒரு சேதியும் இல்லை. நாளைக்கு வேலைக்குப் போகலாமா வேண்டாமா என்று அம்மாவுக்குத் தெரியவில்லை.

அப்போதுதான் போன் அடித்தது. தெரியாத எண்.

"அம்மா, நான்தான்." அடைத்த மூக்கு. யார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. "அந்த மூலத்தாள் உங்ககிட்டதானே இருக்கு?"

"இருக்கு. ஏன்?"

"காலையில எழுதின குறிப்பைக் கிழிச்சுட்டு வேற எழுதச் சொல்றாங்க. நான் இன்னும் கிழிக்கலை. என் பைக்குள்ளதான் இருக்கு. நாளைக்கு..."

பின்னால் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். இணைப்பு அறுந்தது. அம்மா திரும்ப அழைத்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை.

"யாரு?" என்றார் அப்பா.

"நம்மளைப் போல இன்னொருத்தி" என்றாள் அம்மா. துணிப்பையை எடுத்து அலமாரியில் வைத்துச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

சின்னவள் தட்டுகளை அடுக்கிக் கழுவுதொட்டிக்குக் கொண்டுபோனாள். குழாயைத் திறந்தாள். கை நீட்டி சோப்பை எடுத்தவள் சுவரைப் பார்த்து நின்றாள்.

அங்கே ஒட்டியிருந்த தாளில் அப்பாவின் கையெழுத்தில் முறை எழுதியிருந்தது. திங்கள் சின்னது, செவ்வாய் பெரிசு, புதன் சின்னது. மூலை சுருண்டு, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய தாள். வீட்டில் எந்தத் தாளைக் கண்டாலும் திருத்துகிற அம்மா, அதில் மட்டும் பேனாவை வைத்ததில்லை.

சின்னவள் பாத்திரங்கள் மூழ்கும் வரை தண்ணீர் விட்டாள். குழாயை மூடிவிட்டு, சோப்பை எடுத்த இடத்தில் வைத்தாள்.

வியாழன், பெரிசு.